சட்டையில் சாம்பார், உச்சியில் சூரியன்

வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தினால் மஞ்சள் கறை விழும். அதன்மேல் துணி சோப்பைத் தேய்த்தால் கறை போவதற்குப் பதிலாகச் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். பதறிப்போய் இன்னும் சோப்பு போட்டால் இன்னும் சிவக்கும். நிறையத் தண்ணீர் விட்டு அலசினால் பழையபடி மஞ்சளுக்குத் திரும்பும். அதே சட்டையை மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டால் கறை பெரும்பாலும் வெளுத்துவிடும்; வீட்டுக்குள் கொடியில் போட்டால் அப்படியே நிற்கும்.

மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்குமின் என்ற பொருளின் இரண்டு குணங்கள்தாம் இத்தனைக்கும் காரணம். காரம் பட்டால் அது சிவக்கும். வெயில் பட்டால் சிதையும். காரம் என்றால் இங்கே மிளகாய்க் காரமல்ல, பள்ளிப் புத்தகத்தில் அமிலத்துக்கு எதிரே வரும் காரம். சோப்பு, சுண்ணாம்பு, சலவைச் சோடா எல்லாம் அந்த வகை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு துளி சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதே, அதே வேதிவினைதான் சட்டையிலும் நடக்கிறது.

“உங்களுக்குத் தெரியுமா?” என்று தொடங்கும் துணுக்குகள் கைபேசிக்கு நாளொன்றுக்குப் பத்தாவது வருகின்றன. படித்த அடுத்த நிமிடம் மறந்துபோகும். அதே செய்தியில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, கிடைத்ததை ஓர் எண்ணாக எழுதி வைத்தால் அது மறக்காது. கீழே உள்ளவை அப்படி எண் கிடைக்கிற சோதனைகள். செலவு அதிகமில்லை. எங்கே தவறும், ஏன் தவறும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பெரும்பாலான செய்முறைக் குறிப்புகளில் விட்டுப்போவது அதுதான்.

மஞ்சள் தாளும் சங்குப்பூவும்

மஞ்சள்தூள் தண்ணீரில் சரியாகக் கரையாது. தண்ணீரில் கலக்கித் தாளில் தடவினால் திட்டுத்திட்டாக ஒட்டும். ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் 50 மி.லி. எடுத்து, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் போட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். தூள் அடியில் படியும். மேலே தெளிந்து நிற்கும் ஆரஞ்சு நிறக் கரைசலை மட்டும் தட்டில் ஊற்றி, காபி வடிகட்டும் தாளையோ வழவழப்பில்லாத ஓவியத் தாளையோ நனைத்து நிழலில் உலர்த்துங்கள். இதை அடுப்படியில் செய்யவே கூடாது, ஸ்பிரிட் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். வெயிலில் உலர்த்தினால் நிறம் போய்விடும். காய்ந்ததும் விரல் அகலத்துக்கு நறுக்கி, மூடிய டப்பாவில் வைத்தால் பல வாரம் வரும்.

இந்தத் தாளில் சோப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தெளிவு, விறகுச் சாம்பல் கரைத்த நீர் ஆகியவற்றை ஒவ்வொரு சொட்டு வையுங்கள். மூன்றும் செங்கபிலமாகும். சமையல் சோடா மிக மென்மையான காரம் என்பதால் இலேசான ஆரஞ்சோடு நின்றுவிடும். எலுமிச்சைச் சாறு வைத்தால் ஒன்றும் ஆகாது. நல்ல தண்ணீர் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. இதுதான் மஞ்சளின் குறை: காரத்தைக் காட்டும், ஆனால் அமிலத்தையும் வெறும் தண்ணீரையும் பிரித்துச் சொல்லாது.

அதற்குச் சங்குப்பூ வேண்டும். வேலியோரம் படர்ந்திருக்கும் நீலச் சங்குப்பூவில் பத்துப் பூ பறித்து, காம்பும் பச்சைப் புல்லியும் கிள்ளிவிட்டு, 100 மி.லி. கொதித்த நீரில் ஐந்து நிமிடம் ஊறப்போட்டு வடிகட்டுங்கள். அடர்நீலச் சாறு கிடைக்கும். ஐந்து சின்ன கண்ணாடிக் குவளைகளில் பத்துப் பத்து மி.லி. ஊற்றிக்கொள்ளுங்கள். ஒன்றைத் தொடாமல் ஒப்பிடுவதற்காக வைத்துவிட வேண்டும். எலுமிச்சை விட்டது ஊதாவாகும், இன்னும் விட்டால் இளஞ்சிவப்பை நெருங்கும். சமையல் சோடா போட்டால் நீலத்தில் பச்சை தட்டும். சலவைச் சோடா போட்டால் நல்ல பச்சை. சுண்ணாம்புத் தெளிவு நிறைய விட்டால் பச்சை மெல்ல மெல்ல மஞ்சளாகி, பிறகு அமிலம் விட்டாலும் பழைய நீலம் முழுதாகத் திரும்பாது. அந்தோசயனின் என்ற நிறமி கடுமையான காரத்தில் உடைந்துபோவதால் அப்படி. மஞ்சள் கறை திரும்பியது, இது திரும்பவில்லை. எந்த மாற்றம் திரும்பும், எது திரும்பாது என்று பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை அடுக்களையில் இல்லை.

பலருக்கு இதில் முதலிலேயே ஒரு குழப்பம் வரும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் பூவை ஊறப்போட்டால் சாறே பச்சை கலந்த நீலமாக இறங்கும். பூவில் கோளாறு இல்லை. அந்தத் தண்ணீரிலேயே கொஞ்சம் காரத்தன்மை உண்டு. மழைநீரிலோ வடிகட்டிய குடிநீரிலோ இன்னொரு முறை ஊறவைத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீரைச் சோதித்ததாகவும் ஆயிற்று.

அடுத்த படி, எண்ணுவது. சமையல் சோடா 5 கிராமை 100 மி.லி. நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். 10 மி.லி. பூச்சாற்றில் ஊசியில்லாத சிரிஞ்சால் சரியாக 1 மி.லி. எலுமிச்சைச் சாறு விடுங்கள், ஊதாவாகும். இப்போது சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் கலக்கி, ஒப்பிட வைத்த குவளையின் நீலம் வரும்வரை எண்ணுங்கள். சொட்டுக் குழாயில் ஏறக்குறைய 20 சொட்டு 1 மி.லி. ஆகும். பழுத்த எலுமிச்சைக்குப் பெரும்பாலும் இருபது, முப்பது சொட்டு பிடிக்கும். அதே 1 மி.லி. அளவில் சாத்துக்குடி, தக்காளி, மாங்காய்ச் சாறு எடுத்து எண்ணினால் எது எத்தனை மடங்கு புளிப்பு என்று நாக்கைக் கேட்காமல் சொல்லலாம். அவசரப்பட்டால் கணக்கு கெடும். சோடா விட்டதும் பொங்கும் கரியமில வாயு நீரில் கரைந்து தானும் கொஞ்சம் அமிலமாக நடந்துகொள்ளும். கடைசிச் சில சொட்டுகளில் நுரை அடங்கும்வரை கலக்கிப் பொறுத்திருந்து நிறம் பாருங்கள். ஒரே சாற்றை மூன்று முறை எண்ணி, மூன்றும் இரண்டு மூன்று சொட்டுக்குள் ஒத்துவந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

தோசைக்கல்லில் உருளும் முத்து

தோசைக்கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்ப்பது வழக்கம். சுர்ரென்று ஆவியானால் பதம். ஆனால் கல்லை மறந்து இன்னும் நேரம் காயவிட்டால், தெளித்த தண்ணீர் ஆவியாகாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். சூடு கூடக்கூடச் சீக்கிரம் ஆவியாக வேண்டிய நீர் ஏன் தாமதிக்கிறது? கல் மிகவும் சூடாக இருக்கும்போது சொட்டின் அடிப்பக்கம் தொடும்போதே ஆவியாகி ஒரு மெத்தை போலாகிவிடுகிறது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமே உள்ள அந்த ஆவிப்படலம் சொட்டைக் கல்லில் ஒட்டவிடாமல் தாங்குகிறது. ஆவி வெப்பத்தை மோசமாகக் கடத்தும், அதனால் சொட்டு நின்று நிதானமாகக் கரைகிறது. இதை 1756இல் விளக்கமாக எழுதியவர் ஜெர்மன் மருத்துவர் யோஹான் கோட்லோப் லைடன்ஃப்ராஸ்ட். அவர் பயன்படுத்தியது பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டி.

அளப்பதற்கு எண்ணெய் தடவாத வார்ப்பிரும்புக் கல் வேண்டும். நான்ஸ்டிக் கல்லை வெறுமனே அதிகம் காயவைக்கக் கூடாது, பூச்சு சிதைந்து கெட்ட புகை வரும். நடுத்தரத் தீயில் வைத்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை கல்லின் நடுவில் ஒரே ஒரு சொட்டு விட்டு, அது மறையும் நேரத்தைக் கைபேசிக் காணொளியில் பதிந்து பிறகு எண்ணுங்கள். முதலில் சொட்டு பரவிக் கிடக்கும், பல விநாடி ஆகும். பிறகு கொதிக்கும், நேரம் குறைந்துகொண்டே வரும். ஒரு விநாடிக்கும் கீழே போகும். சுமார் 200 டிகிரி செல்சியஸை ஒட்டி நேரம் திடீரென்று எகிறும். வழவழப்பான கல்லில் அரை நிமிடத்துக்கு மேல்கூடச் சொட்டு நிற்கும். வரைபடத் தாளில் புள்ளி வைத்தால் பள்ளமும் அதற்குப் பின் செங்குத்தான ஏற்றமும் கிடைக்கும்.

புதுக் கல்லில் சொரசொரப்பு அதிகம். முனைகள் ஆவிப்படலத்தைக் கிழித்துக்கொண்டு சொட்டைத் தொட்டுவிடும், அதனால் சொட்டு பாதியில் உடையும். பழகிய கல்லில் செய்யுங்கள். கல் சாய்ந்திருந்தால் சொட்டு ஓரத்துக்கு ஓடிவிடும்; நடுவில் இலேசாகக் குழிந்த கல் இதற்கு அமைந்தது. துப்பாக்கி போலிருக்கும் அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருப்பவர்கள் கருத்த இரும்பில் அளந்தால் ஏறக்குறைய சரியாகக் காட்டும், பளபளக்கும் எவர்சில்வரில் அளந்தால் நிசத்தைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும்.

முத்து உருளும் சூட்டில் மாவை ஊற்றினால் கல்லைத் தொட்ட மாத்திரத்தில் அடிமாவு வெந்து இறுகிவிடும். கரண்டியால் இழுக்கும்போது பரவாமல் சுருண்டு கரண்டியோடு வந்துவிடும். தண்ணீர் தெளித்துத் துணியாலோ பாதி வெங்காயத்தாலோ கல்லைத் துடைத்துவிட்டு ஊற்றுவது அந்தச் சூட்டைக் கீழே இறக்கத்தான்.

பானைத் தண்ணீர் எவ்வளவு குளிரும்?

மண்பானை நீர் குளிர்வது ஆவியாதலால் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு ஆவியானால் எவ்வளவு குளிரும் என்று போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பத்து லிட்டர் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க 42,000 ஜூல் வெளியேற வேண்டும். ஆக ஒரு டிகிரிக்கு 17, 18 கிராம். ஆறு டிகிரிக்கு நூறு கிராம் சொச்சம், அதாவது அரை டம்ளர். உண்மையில் எடை பார்த்தால் இதைவிட அதிகமாகவே குறைந்திருக்கும். சுற்றியிருக்கும் சூடான காற்று விடாமல் பானைக்குள் வெப்பத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, அதையும் சேர்த்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அந்த உபரி எத்தனை கிராம் என்பதுதான் அளக்கச் சுவையான எண்.

ஒரே அளவில் இரண்டு சின்னப் பானை வாங்கி ஒரு நாள் முழுக்க ஊறவையுங்கள். இரண்டிலும் ஒரு லிட்டர் நீர் ஊற்றுங்கள். ஒன்றை மட்டும் பாலித்தீன் தாளால் இறுகச் சுற்றிவிடுங்கள். சமையலறைத் தராசும் ஒரு வெப்பமானியும் போதும். மணிக்கொருமுறை இரண்டையும் நிறுத்து, உள்ளே நீரின் வெப்பத்தைக் குறித்து வாருங்கள்.

பானை எவ்வளவு நேரம் இருந்தாலும் ஒரு எல்லைக்குக் கீழே குளிராது. அந்த எல்லையை நேரடியாகவே பார்க்கலாம். வெப்பமானிக் குமிழில் ஈரத் துணி சுற்றி மின்விசிறிக் காற்றில் பிடியுங்கள். இறங்கி எங்கே நிற்கிறதோ அதுதான் அன்றைய ஈரக்குமிழ் வெப்பநிலை. காற்று 38 டிகிரியாகவும் ஈரப்பதம் 25 சதவீதமாகவும் இருந்தால் அது 23 டிகிரியை ஒட்டி நிற்கும். காற்று 34 டிகிரியாகவும் ஈரப்பதம் 70 சதவீதமாகவும் இருந்தால் 29 டிகிரி. வேலூரின் வறண்ட வெயிலில் பானைத் தண்ணீர் பல்லைக் கூசவைப்பதும், அதைவிடச் சூடு குறைந்த சென்னைக் கடற்கரைப் பக்கத்தில் அதே பானை சுமாராகவே குளிர்வதும் இதனால்தான். பானையைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழைய பானை குளிரவில்லையென்றால் உப்புத் தண்ணீர் நுண்துளைகளை அடைத்திருக்கும். தேங்காய் நாரால் வெளிப்பக்கம் தேய்த்து வெந்நீரில் ஊறவைத்தால் கொஞ்சம் சரியாகும். சோப்பு வேண்டாம், மண் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெளியே பெயின்ட் அடித்த அலங்காரப் பானை கிட்டத்தட்ட எவர்சில்வர் குடத்துக்குச் சமம்.

நிழல் காணாமல் போகும் நிமிடம்

இந்தப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு வாய்த்த வசதி என்று சொல்லலாம். டெல்லியிலோ லண்டனிலோ இருப்பவர் என்ன செய்தாலும் அவர் ஊரில் இதைப் பார்க்க முடியாது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் இருக்கும் ஊர்களில் மட்டும், ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு அப்போது நிழலே விழாது.

கன்னியாகுமரியில் ஏப்ரல் 11, யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் 15, மதுரையில் ஏப்ரல் 16, கோவையில் ஏப்ரல் 19, சென்னையில் ஏப்ரல் 24, எல்லாம் ஒரு நாள் முன்பின்னாக. சூரியன் வடக்கே போய்த் திரும்பும் வழியில் இதே ஊர்களைத் தலைகீழ் வரிசையில் தொடும்: சென்னையில் ஆகஸ்ட் 18, மதுரையில் ஆகஸ்ட் 27, கன்னியாகுமரியில் செப்டம்பர் தொடக்கம். ஆகஸ்டில் பல ஊர்களில் மேகம் மறைக்கும். ஏப்ரலை நம்புவது நல்லது.

பெரும்பாலானவர்கள் தவறவிடுவது நாளையல்ல, நேரத்தை. கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது நம் ஊரில் நண்பகல் இல்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வகுத்தது. அதற்கு மேற்கே ஒவ்வொரு டிகிரிக்கும் சூரியன் நான்கு நிமிடம் தாமதமாக உச்சிக்கு வரும். ஏப்ரலில் அந்த நாள்களில் சென்னைக்கு 12:07, மதுரைக்கு 12:17, கோவைக்கு 12:21. சென்னையில் சரியாகப் பன்னிரண்டுக்கு வந்து பார்த்தால் ஒரு மீட்டர் கம்பத்துக்கு மேற்கே மூன்று சென்டிமீட்டர் நிழல் கிடக்கும், “எங்கே போச்சு?” என்று ஏமாற வேண்டியதுதான். அதே தவற்றை நாளில் செய்தால் அவ்வளவு சேதமில்லை. ஒரு நாள் பிசகினால் நிழல் ஆறு மில்லிமீட்டர்தான்.

ஒரு மீட்டர் பிவிசி குழாயை நுனி சதுரமாக இருக்கும்படி அறுத்து, வாளி மணலில் நட்டு வையுங்கள். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக்குண்டாகப் பிடித்து, தெற்கிலிருந்து ஒருமுறை, கிழக்கிலிருந்து ஒருமுறை பார்த்துக் குழாயை நிமிர்த்துங்கள். ஒரு டிகிரி சாய்ந்தாலே நிழல் பதினேழு மில்லிமீட்டர் பொய் சொல்லும். தரை மட்டமா என்று தெரிய, தட்டில் விளிம்புவரை நீர் ஊற்றி எந்தப் பக்கம் வழிகிறது என்று பாருங்கள். கண்டிப்பாகச் சூரியனை நிமிர்ந்து பார்க்காதீர்கள். பார்க்க வேண்டியது எல்லாம் தரையில்தான் இருக்கிறது.

இன்னொரு ஊரில் உங்கள் தங்கையோ நண்பரோ இருந்தால் பூமியையே அளக்கலாம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் செய்தது இதைத்தான். எகிப்தின் தெற்கே சையீனில் சூரியன் கிணற்றுக்குள் நேராக விழும் நாளில், அலெக்சாந்திரியாவில் நிழலின் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கண்டார். நமக்குச் சையீன் சென்னை, அலெக்சாந்திரியா கன்னியாகுமரி. சென்னையில் நிழல் இல்லாத அன்று கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் குழாய்க்கு 8.7 செ.மீ. நிழல் விழும். கோணம் 5 டிகிரி. இரண்டு ஊருக்கும் இடையே வடக்கு தெற்காக மட்டும் உள்ள தூரம் 555 கி.மீ. 360ஐ 5ஆல் வகுத்து 555ஆல் பெருக்கினால் 39,960 கி.மீ. துருவங்கள் வழியாகப் பூமியின் உண்மையான சுற்றளவு சுமார் 40,008.

இதில் மூன்று இடத்தில் வழுக்கும். முதலாவது, சாலைத் தூரத்தைப் போடுவது. சாலை வளைந்து மேற்கேயும் போகிறது. வரைபடத்தில் வடக்கு தெற்கு வித்தியாசத்தை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டாவது, இரு ஊரிலும் ஒரே கடிகார நேரத்தில் அளப்பது. சென்னை 12:07க்கு அளந்தால் கன்னியாகுமரி 12:18க்கு அளக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் 11:50இலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைச் சாக்பீஸால் குறித்து வந்து, மிகக் குட்டையானதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, நிழலின் விளிம்பு. சூரியன் புள்ளியல்ல, அரை டிகிரி அகலமான தட்டு. அதனால் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் நிழல் நுனி ஏறக்குறைய ஒன்பது மில்லிமீட்டருக்கு மங்கலாகக் கலையும். அந்த மங்கலின் நடுவைக் குறிக்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் பிசகினாலே பூமி 2,000 கி.மீ.க்கு மேல் பெருத்தோ சிறுத்தோ போகும்.

கன்னியாகுமரியில் அன்று அந்த நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். தெற்கே விழும். சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும் என்பது பாடப்புத்தகங்களில் ஐரோப்பாவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் நிழல் தெற்கேதான். ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் குழாய்க்குத் தெற்கே 18 செ.மீ., டிசம்பர் 21 அன்று வடக்கே 74 செ.மீ.

குழாயை நிமிர்த்தப் பயன்பட்ட அதே தூக்குக்குண்டை வீட்டுக்குள் ஆணியில் தொங்கவிடுங்கள். ஆணியிலிருந்து நட்டின் நடுப்பகுதிவரை 99 செ.மீ. இருக்கட்டும். ஒரு சாண் மட்டும் இழுத்து விட்டு, போய்த் திரும்புவதை ஒன்றாக எண்ணி இருபது எண்ணுங்கள். நாற்பது விநாடி ஆகும். ஒரே ஒரு ஆட்டத்தை அளந்தால் விரல் தாமதம் கால் விநாடி என்றாலும் பத்து சதவீதத்துக்கு மேல் பிழை. இருபது ஆட்டத்தில் அதே தாமதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். நீளத்தைக் காலாக்கினால் நேரம் பாதியாகும். நட்டுக்குப் பதில் இரண்டு மடங்கு கனமான நட்டைக் கட்டினால் மாறுமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே படிக்க, பார்க்க, போக

தமிழில் மாதந்தோறும் வேண்டுமென்றால் முதலில் ‘துளிர்’. 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் சேர்ந்து வெளியிடும் சிறுவர் அறிவியல் இதழ். பெரியவர்களும் தயங்காமல் படிக்கலாம். தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும் வைத்து வடிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தாவின் இணையதளத்தில் புத்தகங்களும் குறும்படங்களும் இலவசம். பத்ம ஸ்ரீ பெற்ற அவர் காட்டும் பொம்மைகளில் பெரும்பாலானவற்றுக்குக் குப்பைக்கூடையே போதும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ தளத்தில் அமிலம், காரம், ஊசல், ஒளி எல்லாவற்றுக்கும் திரையில் இழுத்து மாற்றிப் பார்க்கும் மாதிரிகள் உண்டு, அவற்றில் தமிழிலும் சில. நிசத்தில் செய்துவிட்டு அங்கே போங்கள். முதலிலேயே அங்கே போனால் எல்லாம் பிழையில்லாமல் நடக்கும், கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் ‘ஃபைபாக்ஸ்’ செயலி கைபேசியின் உணரிகளை ஆய்வுக் கருவியாக்கித் தருகிறது. காற்றழுத்த உணரி உள்ள கைபேசியாக இருந்தால் லிஃப்டில் ஒரு மாடி ஏறும்போது அழுத்தம் 0.35 ஹெக்டோபாஸ்கல் அளவு இறங்குவதைப் பார்க்கலாம். வானத்துக்கு ‘ஸ்டெல்லேரியம்’ என்ற செயலி, உங்கள் ஊரைக் கொடுத்தால் நிழலில்லா நாளின் உச்சி நேரத்தை நிமிடம் பிசகாமல் சொல்லும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லா வகுப்புக்கும் இணையத்தில் இலவசமாக இறக்கலாம். சோதனை முடிந்த கையோடு ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நூலில் அமிலங்களும் காரங்களும் பகுதியைப் புரட்டுங்கள், பரீட்சைக்குப் படித்தபோது இல்லாத ருசி இருக்கும்.

நேரில் போக விரும்புவோருக்குச் சென்னைக் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம், திருச்சியில் அண்ணா அறிவியல் மையம், கொடைக்கானலில் நூறு ஆண்டுக்கும் மேலாகச் சூரியனைப் பதிவுசெய்துவரும் வானாய்வகம் இருக்கின்றன. திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிக்கிறார்கள். மழைக்காலத்தில் வானம் மூடியிருக்கும், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள், பல ஆய்வு நிறுவனங்கள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடும் நாள்.

குளத்து நீர் ஒரு சொட்டு

கடைசியாக, இரவில் செய்ய ஒன்று. பாசி பிடித்த குளத்திலோ நாள்பட்ட பூச்சாடித் தட்டிலோ கொஞ்சம் நீர் எடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சுங்கள். சிரிஞ்சைத் தலைகீழாக ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, நுனியில் ஒரு சொட்டு விழாமல் தொங்கும்படி மெல்ல அழுத்துங்கள். 5 மில்லிவாட்டுக்கு மேற்படாத லேசர் பேனாவைப் புத்தக அடுக்கில் வைத்து, பொத்தானைத் துணி கிளிப்பால் அழுத்திப் பிடிக்கவைத்து, கதிர் சொட்டின் நடுவே போகும்படி செய்யுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவர், அறை நல்ல இருட்டு. சொட்டே வில்லையாகி, உள்ளே நீந்தும் நுண்ணுயிர்களின் நிழலை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெருக்கிச் சுவரில் ஓடவிடும்.

குழாய்த் தண்ணீரில் முயன்று “ஒன்றுமே தெரியவில்லை” என்பவர்கள் உண்டு. தெரியாததுதான் சரி, அதில் உயிர் ஏறக்குறைய இல்லை. முதலில் அதைப் பார்த்துவிட்டுக் குளத்து நீருக்கு மாறினால் வித்தியாசம் விளங்கும். படம் நடுங்கினால் மின்விசிறியை நிறுத்துங்கள். ஒவ்வோர் உருவத்தைச் சுற்றியும் வளையம் வளையமாகத் தெரிவது உயிரின் உறுப்பல்ல, ஒளி விளிம்பில் வளைவதால் வரும் கோடுகள். ஆகையால் என்ன உயிர் என்று இதில் அடையாளம் சொல்ல முடியாது, நடமாட்டத்தைத்தான் பார்க்க முடியும். உருவம் தெளிவாக வேண்டுமென்றால் ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய ‘ஃபோல்டுஸ்கோப்’ என்ற மடிப்புக் காகித நுண்ணோக்கி 140 மடங்கு காட்டும். கதிரைக் கண் மட்டத்தில் வைக்காதீர்கள், சொட்டுக்குப் பின்னாலிருந்து யாரும் எட்டிப் பார்க்காமல் குழந்தைகளைச் சுவர்ப் பக்கம் முகம் வைத்து உட்கார வையுங்கள். முடிந்ததும் மிச்ச நீரைக் குளத்திலேயே ஊற்றிவிடுங்கள். டப்பாவில் திறந்து வைத்தால் ஒரு வாரத்தில் அதில் கொசுப்புழு நெளியும்.